தேடுவார்க்குக் கிட்டாத திருப்பெயர்கள்

கோயிலின் பெயரை எழுதும் உரிமை இன்று யார் கையில் இருக்கின்றது? கல்தச்சன் கையில் இல்லை. ஓதுவார் கையில் இல்லை. அறங்காவலர் கையிலும் இல்லை. வலைத்தளம் அமைத்துக் கொடுக்கும் இளைஞர் ஒருவர் கணினி முன் அமர்ந்து, நாலைந்து நொடியில் தட்டிவிடும் ஒற்றை வரியே இன்று கோயிலின் பெயராக உலகெங்கும் உலவுகின்றது. கடைப் பலகையில் ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் கொதித்தெழும் நம் தமிழன்பர் இவ்வரியை மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் சென்ற கார்த்திகைத் திங்கள் வரை பார்த்தவன் அல்லன்.

அத்திங்களில் ஒரு மாலை, என்பால் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவர் ஒருவர் பெருமுக்கலில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இக்கால் அவர் புதுவையில் வலைத்தளம் அமைக்கும் பணியில் இருக்கின்றார். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் அம்மன் கோயிலுக்குத் தளம் அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. அவ்வூரின் பெயர் ஈண்டு வேண்டா. இக்குறை அவ்வூர்க்கு மட்டும் உரியதன்று.

"ஐயா, ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பும் குறிப்பும் எழுதணும். கூகுள்ல தேடுனா நம்ம கோயில் மேல வரணும்னு கமிட்டிக்காரங்க சொல்றாங்க. எழுதிட்டேன், நீங்க ஒரு தடவை பார்த்துக் குடுத்தா தேவலை" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கில எழுத்து. தமிழெழுத்தில் பெயர்த்துக் கூறின், "ஹோம் – வெல்கம் டு ஸ்ரீ மரகதாம்பிகா டெம்பிள் அபீசியல் வெப்சைட்" என்று இருந்தது. முதற்சொல்லைக் கண்டதும் கோயிலில் ஏதோ வேள்வி நடக்கின்றது போலும் என்றெண்ணினேன். வேள்வியன்று, முகப்புப் பக்கம் என்பதற்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'வீடு' என்னும் சொல்லாம். அது கிடக்கட்டும். மரகதாம்பிகா என்பவர் யாவர் என்று வினவினேன்.

"நம்ம பச்சையம்மன்தாங்க ஐயா."

எனக்குத் திகைப்பு நீங்கச் சற்று நேரம் ஆயிற்று. அவ்வூரில் உப்பு வாரும் பெண்டிரும் ஆண்களும் வழிவழியாகப் பச்சையம்மா என்று அழைத்த தாய்க்கு, அவர்களில் ஒருவர் நாவிலும் நுழையாத பெயரொன்று சூட்டப்பட்டிருக்கின்றது. அது கல்லில் வெட்டப்படவில்லை. திருவிழாத் துண்டறிக்கையில் கூட அச்சேறவில்லை. ஒரு வரித் தலைப்பில் ஏறிவிட்டது. இனி அது போதும்.

ஏன் போதும் என்பதை நம் அன்பர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். வலைப்பக்கம் ஒவ்வொன்றிலும், நம் கண்ணுக்குப் புலப்படும் செய்திக்கு முன்னே, இரண்டு வரிகள் பொறிக்கென்றே பொதிந்து வைக்கப்படுகின்றன. ஒன்று பக்கத்தின் தலைப்பு. மற்றொன்று பக்கத்தைப் பற்றிய சிறு குறிப்பு. ஒருவர் தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டுத் தேடும்போது, விடையாக வரும் பட்டியலில் பெரிய எழுத்தில் தோன்றுவது பெரும்பாலும் அத்தலைப்பு. அதன் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி தோன்றுவது பெரும்பாலும் அக்குறிப்பு. தேடுகின்றவர் பக்கத்தைப் பார்க்கு முன்பே இவ்விரண்டையும் பார்க்கின்றார். இவற்றைக் கொண்டே உள்ளே செல்வதா, அடுத்ததற்குத் தாவுவதா என்று முடிவு செய்கின்றார். பொறியும், இப்பக்கம் எதைப் பற்றியது என்று அறியத் தலைப்பை ஒரு முதன்மையான சான்றாகக் கொள்கின்றது. (பொறி என்னும் சொல்லுக்குக் கண்ணி என்றும் ஒரு பொருள் உண்டு. எலிப்பொறி என்கிறோம் அன்றோ? தேடுபொறியில் சிக்குவது எலியன்று, பெயர்.)

பச்சையம்மன் கோயில் என்று தமிழில் தேடுபவர்க்கு ஆங்கில எழுத்தில் மரகதாம்பிகா என்று தலைப்பிட்ட பக்கம் எங்ஙனம் கிட்டும்? பொறி இக்காலத்தில் பெருந்திறன் பெற்றுவிட்டது, எழுத்துப் பெயர்ப்பையும் பொருளொற்றுமையையும் தானே உணரும் என்று அம்மாணவர் கூறினார். உண்மையே. மதுரை மீனாட்சியை எப்படி எழுதினாலும் அது கண்டுகொள்ளும். அவ்வம்மையைப் பற்றி எழுதப்பட்டவை கடல்போற் பெருகிக் கிடக்கின்றன. உப்பளத்து ஓரத்துப் பச்சையம்மனைப் பற்றி உலகில் இருக்கப்போவது இந்த ஒரு தளம். இதில் எழுதாத சொல்லைப் பொறி வேறெங்கிருந்து கற்கும்? பெரிய கோயிலுக்கு ஆரவாரம் துணை. சிறு கோயிலுக்கு அதன் பெயர் ஒன்றே துணை.

இனித் தலைப்பின் தொடக்கத்தில் நின்ற 'ஸ்ரீ' என்பதற்கு வருகின்றேன். இதனை எதிர்ப்பதற்கு நமக்குப் பழைய கரணியங்கள் பல உண்டு. அவற்றை ஈண்டு மீண்டும் எழுதேன். கணினி புதியதொரு கரணியத்தைத் தந்திருக்கின்றது. கணினிக்கு எழுத்து என்பது வடிவமன்று, எண். ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையில் நம் எழுத்துகள் எண்ணாகவோ எண்தொடராகவோ குறிக்கப்படுகின்றன. இந்தக் கிரந்தக் கூட்டெழுத்தையோ இரண்டு வகையாக உள்ளிடலாம். ஸகரத்தில் தொடங்கி ஸ்ரீ என்று ஆக்கலாம். 2005-இல் ஒருங்குறியிற் சேர்க்கப்பட்ட ஶகரம் என்னும் மற்றொரு கிரந்த எழுத்தில் தொடங்கி ஶ்ரீ என்றும் ஆக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். கணினியின் உள்ளே இரண்டும் வெவ்வேறு எண்தொடர்கள். ஒரு கோயில் நிருவாகம் ஒருவகையில் எழுத, அடியவர் மற்றொரு வகையில் தேட, பெரிய தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாக்க முயன்றாலும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடல்களில் இருவரும் சந்திப்பதே இல்லை. 'திரு' என்று எழுதினால் இக்குழப்பம் உண்டோ? தகர இகரம், ரகர உகரம். எவர் தட்டினாலும் ஒரே தொடர். தமிழெழுத்து தூய்மைக்கு மட்டும் நலந்தருவதன்று. எந்திரத்திற்கும் அதுவே எளிது.

நம் பக்கத்தும் குறை உண்டு, மறைப்பானேன்? ஔகாரத்தைத் தட்டத் தெரியாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவையார்' என்று எழுதுவோர் தமிழாசிரியர்களிலேயே பலர். கண்ணுக்கு ஔவையார், கணினிக்கு வேறு யாரோ. ரகர ஒற்றுக்கு மாறாகக் காலையும் புள்ளியையும் இட்டுவைத்த பழைய கோப்புகள் எத்தனையோ. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பக்கங்கள் இன்னும் கேடு. அவற்றின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தே, மேலே போர்த்தியது மட்டும் தமிழ். 2010 சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. அதன் பின்பும் பழைய பக்கங்களை மாற்றாது விட்டவர்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே புதைத்துக்கொண்டவர்கள் ஆயினர். தலைப்பை எழுதியவுடன் ஒருமுறை அதனையே தேடுபொறியில் தட்டிப் பாருங்கள் என்று அம்மாணவரிடம் கூறினேன்.

பச்சையம்மன் மரகதாம்பிகை ஆனது புதுக்கதையன்று. திருமறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. அங்குறையும் யாழைப் பழித்த மொழியம்மை வீணாவாத விதூசணி ஆனார். திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. பழமலைநாதர் விருத்தகிரீசுவரர் ஆனார். ஐயாறப்பர் பஞ்சநதீசுவரர்; அறம்வளர்த்த நாயகி தருமசம்வர்த்தனி; அண்ணாமலையில் உண்ணாமுலையம்மை அபீதகுசாம்பாள். மறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கதவை அப்பர் தமிழ் பாடித் திறந்தார் என்பதும், மீண்டும் அடைக்கச் சம்பந்தர் தமிழ் பாடினார் என்பதும் சேக்கிழார் வழி நாம் அறிந்த வரலாறு. இன்று அக்கோயிலின் வாயிலை வலையில் திறக்க முயல்வோர் தமிழ்ப்பெயரைத் தட்டிப் பார்த்துத் தலைப்பில் வடமொழிப் பெயரையே காண்கின்றனர்.

பழைய மாற்றம் கல்லிலும் ஓலையிலும் மெல்ல மெல்ல நூற்றாண்டுக் கணக்கில் நிகழ்ந்தது. மக்கள் வழக்கு அதனை எதிர்த்து நிற்க நேரம் இருந்தது. ஆதலின் பழமலையும் உண்ணாமுலையும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வலையில் நிகழும் மாற்றத்திற்கு நூற்றாண்டு வேண்டா. ஒரு தளத்தின் தலைப்பைப் பத்துத் தளங்கள் எடுத்தெழுதும், நிலப்படத்தில் ஏறும், கைப்பேசி அதனையே உரக்கப் படிக்கும், அடுத்த தலைமுறை அதனையே பெயரென்று கொள்ளும்.

இவ்வளவும் கூறியபின், நம் அன்பர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது யாதென அறிவேன். வடமொழிப் பெயரைத் தலைப்பினின்றும் குறிப்பினின்றும் அடியோடு வெட்டியெறிக என்று நான் கூறவேண்டும். கூறமாட்டேன். ஈண்டுதான் என் நண்பர் சிலரோடு எனக்குப் பிணக்கு.

திருமுதுகுன்றம் என்று மட்டும் தலைப்பிட்டு விருத்தாசலம் என்னும் சொல்லைப் பக்கத்தில் எங்கும் எழுதாது விட்டால் விளைவது யாது? தொடர்வண்டி நிலையத்தின் பலகையில் விருத்தாசலம் என்றே இருக்கின்றது. பேருந்திலும் அஃதே. தேவாரம் ஓதாத பொதுமகன் அச்சொல்லைத்தான் தட்டுவான். நம் பக்கம் அவனுக்குக் கிட்டாது. வடமொழிப் பெயரை மட்டும் எழுதியவன் பக்கமே கிட்டும். முதுகுன்றம் என்னும் சொல்லை அவன் அறியாமலே போவான். முன்பே அறிந்தவர்க்கு மட்டும் நாம் கற்பித்துக் கொண்டிருப்போம். மயிலாடுதுறைக்கு அப்பெயரை 1982-இல் அரசு மீட்டளித்தது. நாற்பதாண்டு கடந்தும் மாயவரம் என்பார் மாயவரம் என்றே சொல்கின்றனர். அவர்களையும் நம் வாயிலுக்கு அழைத்து வந்தாலன்றோ மயிலாடுதுறை என்று அவர்கள் நாவிற் பழகும்?

இதற்கு நம் முன்னோர் வழியொன்று காட்டியிருக்கின்றனர். கல்வெட்டுப் படித்தவர் அறிவர். ஓர் ஊருக்குப் பழம்பெயரும் அரசன் இட்ட புதுப்பெயரும் இருப்பின் கல்வெட்டு இரண்டையும் 'ஆன' என்னும் ஒரு சொல்லால் இணைத்து வெட்டும். பழையாறையான முடிகொண்டசோழபுரம், நாகப்பட்டினமான சோழகுலவல்லிப்பட்டினம். அரசன் ஆணையையும் மீறவில்லை, ஊரார் வழக்கையும் விடவில்லை. முடிகொண்டசோழபுரம் என்னும் பெயர் இன்று எங்கே? பழையாறை இருக்கின்றது! முற்பட நின்ற பெயர் நிலைத்தது. பின்னால் ஒட்டியது உதிர்ந்தது.

அம்முறையே தலைப்புக்கும் வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ப்பெயர் முன்னே, ஊர்ப்பெயரோடு. வழக்கில் ஏறிவிட்ட பிறபெயர் தலைப்பின் கடையிலோ குறிப்பிலோ ஒரே ஒருமுறை. 'திருமுதுகுன்றம் பழமலைநாதர் கோயில், விருத்தாசலம்' என்று தலைப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. விருத்தகிரீசுவரர் என்பதைக் குறிப்பில் 'எனவும் வழங்குவர்' என்று முடிக்கலாம். தேடி வருபவன் தான் அறிந்த சொல்லால் வருவான். வந்த இடத்தில் தான் அறியாத தமிழ்ச்சொல்லைப் பெரிய எழுத்தில் காண்பான்.

எங்கள் பகுதியிலேயே இம்முறைக்குத் தேவை மிகுதி. திருவரசிலி என்று தேவாரத்திற் பயின்றவர் அவ்வூரைத் தேடினால் அப்பெயரில் பேருந்து இல்லை. இன்று அவ்வூர் ஒழிந்தியாப்பட்டு. ஒழிந்தியாப்பட்டில் வாழும் சிறுவனுக்கோ தன் ஊர் பாடல்பெற்ற அரசிலி என்பது தெரியாது. இரண்டையும் ஒரு வரியில் நிறுத்தினால் இருவர்க்கும் நலம்.

'ஆன' முறையை ஆளும்போது ஒன்றில் மட்டும் விழிப்பாக இருத்தல் வேண்டும். இல்லாத தமிழ்ப்பெயரை நாமே புனைந்து தலைப்பில் ஏற்றுதல் கூடாது. திண்டிவனத்து இறைவர் திந்திரிணீசுவரர். திந்திரிணி என்பது புளியமரம். உடனே நம் அன்பர் ஒருவர் 'புளியங்காட்டீசர்' என்று பெயர்த்து எழுதிக் கொடுத்தார். ஓசை இனிமையாகத்தான் இருந்தது. எவர் நாவில் அது வழங்கிற்று? எந்தப் பாடலில், எந்தக் கல்வெட்டில் இருக்கின்றது? எவரும் சொல்லாத பெயரை எவரும் தேடார். மரகதாம்பிகை என்று புனைந்தவன் செய்த பிழையையே நாமும் தமிழில் செய்தோம் என்று ஆகும். தேவாரத்திலோ, பிரபந்தத்திலோ, கல்லிலோ, ஊரார் வாயிலோ இருக்கும் பெயரை மீட்போம். இல்லாவிடத்து, உள்ள பெயரைத் தமிழெழுத்தில் திருத்தமாக எழுதி விடுவோம். தனித்தமிழ் மீட்பியக்கமே அன்றிப் புனைவியக்கம் அன்று.

எங்கள் பெருமுக்கல் மலைமேல் உள்ள இறைவர் பெயரை ஒருவர் முக்தியாலீஸ்வரர் என்கிறார். மற்றொருவர் முக்தியாஜல ஈஸ்வரர் என்கிறார். முத்தி என்று தமிழ் வடிவில் எழுதுவாரும் உளர். நான்கு பேர் நான்கு வகையாக எழுத, தேடுகின்றவன் ஐந்தாம் வகையாகத் தட்டுகின்றான். மாறாது நிற்பது பெருமுக்கல் என்னும் ஊர்ப்பெயரே. 'பெருமுக்கல் மலைக்கோயில்' என்று தொடங்கினால் இறைவர் பெயரை எப்படி எழுதுபவரும் வந்து சேர்வர்.

அப்பெயருக்கும் ஒரு தீங்கு நேர்ந்ததுண்டு. 1760-இல் ஆங்கிலப் படைத்தலைவன் அயர் கூட் இம்மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினான். அப்போரை எழுதிய ஆங்கிலேயர் இவ்வூரைப் 'பெர்மாக்காயில்' என்று எழுதிவைத்தனர். அவர்களுடைய நூல்கள் எல்லாம் இன்று வலையில் இருக்கின்றன. பெருமுக்கல் என்று தட்டும் எங்கள் பள்ளி மாணவனுக்கு அவற்றில் ஒன்றும் எளிதிற் கிட்டுவதில்லை. தன் வீட்டு முற்றத்திலிருந்து காணும் மலையைப் பற்றித்தான் அவை பேசுகின்றன என்பதும் அவனுக்குத் தெரியாது. அயலான் ஒருவன் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு சொல், இருநூற்றறுபது ஆண்டு கழித்து, ஒரு சிறுவனுக்கும் அவன் ஊர் வரலாற்றுக்கும் இடையே சுவராய் நிற்கின்றது. தலைப்பை எழுதுபவன் கையில் எத்துணைப் பொறுப்பு இருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஊர்ப்பெயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். 'அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில்' என்று மட்டும் தலைப்பிட்ட பக்கங்கள் எண்ணிறந்தன. எந்த மாரியம்மன்? சமயபுரமா, இருக்கன்குடியா, 1827-இல் சிங்கப்பூரில் தோன்றி இன்றும் சவுத் பிரிட்சு சாலையில் நிற்கும் மாரியம்மனா? அருள்மிகு என்பது நல்ல தமிழ்ச்சொல். 'ஸ்ரீ'யை இறக்கிவிட்டு அமர்ந்த சொல். அதன்மேல் எனக்கு அன்பு உண்டு. ஆயினும் தலைப்பின் இடம் குறுகியது. கூகுள் எழுத்தெண்ணிக்கையால் வரம்பு கட்டவில்லை. திரையின் அகலத்தில் அடங்காததை வெட்டிவிடுகின்றது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ அறுபது எழுத்து அடங்கும் வரியில், ணை என்றும் ஞா என்றும் அகன்று நிற்கும் நம் எழுத்து அத்துணை அடங்காது. எல்லாக் கோயிலுக்கும் பொதுவான அடைமொழி முன்னிடத்தைக் கவர்ந்துகொண்டால் ஊர்ப்பெயர் வெட்டுண்டு போகும். அருள்மிகுவைப் பக்கத்தின் உள்ளே பெரிதாக எழுதி வணங்குவோம். தலைப்பில் ஊரும் பெயரும் முந்தட்டும். இதற்குச் சினப்பவர் உண்டு என்பதும் அறிவேன்.

குறிப்பைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. அதில் எழுதும் சொற்களால் பக்கம் மேலேறுவதில்லை என்று கூகுள் நிறுவனத்தாரே கூறியுள்ளனர். முன்பு 'திறவுச்சொற்கள்' என்று ஒரு வரியில் நூறு சொல்லைக் கொட்டிவைப்பர். அதனைத் தரவரிசைக்குக் கொள்வதே இல்லை என்று 2009-இலேயே அறிவித்துவிட்டனர். இன்றும் அதனைக் கொட்டுவார்க்குப் பணம் கொடுக்கும் கோயில்கள் உண்டு என்று அம்மாணவர் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குறிப்பு, பொறிக்கன்று, மாந்தர்க்கு. 'உலகப் புகழ் பெற்ற, சக்தி வாய்ந்த, நினைத்ததை நடத்திக் கொடுக்கும்' என்றெல்லாம் அவர் எழுதியிருந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். வருபவர்க்கு வேண்டுவது ஊர் எங்கே, எந்த வழி, நடை எப்போது திறக்கும், திருவிழா எந்தத் திங்கள், தமிழில் வழிபாடு உண்டா என்பவையே. கடைசியிற் சொன்னதைத் தவறாது எழுதச் சொன்னேன். 2021-இல் 'அன்னைத் தமிழில் அருச்சனை' என்னும் திட்டத்தை அறநிலையத்துறை தொடங்கிற்று. உரிமை வந்தும், கேட்பார் இல்லை என்று சொல்லிச் சொல்லியே அதனைத் தூங்க வைக்கின்றனர். 'தமிழில் அருச்சனை செய்யப்படும்' என்று குறிப்பில் இருப்பின் வருபவர் கேட்டுக்கொண்டே வருவர்.

தலைப்பு பொருந்தாவிடில் பொறியே அதனை நீக்கிவிட்டுப் பக்கத்தினின்றும் வேறு சொற்களை எடுத்துத் தலைப்பாக்கிக் காட்டும் என்பதையும் அம்மாணவர் வழி அறிந்தேன். 2021 முதல் இம்முறை மிகுந்துள்ளதாம். ஆகலின் தலைப்பில் தமிழை வைத்துவிட்டு உள்ளே எல்லாம் ஆங்கிலமாக விட்டால் பயனில்லை. பக்கத்துள் பெரிய எழுத்தில் நிற்கும் பெயரும் அதே தமிழ்ப்பெயராக இருத்தல் வேண்டும்.

ஆங்கிலம் அறவே கூடாதா என்பார்க்கு ஒரு விடை. இரீயூனியனிலும் மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் நம் உறவினரின் வழிவந்தோர் உளர். அவர்களிற் பெரும்பாலோர்க்குத் தமிழெழுத்துத் தெரியாது. குலதெய்வத்தின் பெயரை மட்டும் செவிவழி அறிவர். அவர்களுக்கென்று ஆங்கிலப் பக்கம் தனியே இருக்கட்டும். அதன் தலைப்பிலும் பச்சையம்மன் என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதுக. அவர்தம் பாட்டி சொல்லிச் சென்றது மரகதாம்பிகா அன்று. ஒரே தலைப்பில் இரண்டு மொழியையும் திணித்தால் இரண்டும் வெட்டுண்ணும்.

தலைப்புச் சொல் மாறினால் வழக்கு மாறுமா என்று ஐயுறுவோர் பழைய திருமண அழைப்புகளை எடுத்துப் பார்க்க. 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்று நெற்றியில் அச்சிட்டு, பெயருக்கு முன் 'ம-ள-ள-ஸ்ரீ' என்று கட்டி விட்ட காலம் ஒன்றிருந்தது. திருமண அழைப்பிதழ் என்று நெற்றிச்சொல் மாறிற்று. திரு என்று முன்னொட்டு மாறிற்று. இன்று பழையதை எழுதுவாரைத் தேடத்தான் வேண்டும். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்றாக்கிய அடிகள், தாம் நடத்திய ஞானசாகரம் இதழின் தலைப்பையும் அறிவுக்கடல் என்று மாற்றினார். எதில் கைவைத்தால் எது மாறும் என்று அறிந்தவர் அவர்.

அம்மாணவரோடு இருந்து முகப்புப் பக்கத்திற்கு எழுதிய தலைப்பு இது: ஊர்ப்பெயர், அடுத்துப் 'பச்சையம்மன் கோயில்', அடுத்து 'மரக்காணம்'. குறிப்பில், 'மரக்காணம் உப்பளங்களை அடுத்துள்ள பச்சையம்மன் கோவில். நடை திறக்கும் நேரம், ஆடித் திருவிழா, திண்டிவனத்திலிருந்தும் புதுவையிலிருந்தும் வரும் வழி. தமிழில் அருச்சனை உண்டு' என்று எழுதினோம். தலைப்பில் கோயில், குறிப்பில் கோவில் என்றிருப்பது பிழையன்று. இருவகையாகவும் மக்கள் எழுதுகின்றனர், இருவகையாகவும் தேடுகின்றனர். வகரம் பெறுதலே இலக்கண விதி, யகரம் நெடுங்கால வழக்கு என்று வகுப்பில் நடத்தியவன் நான். ஈண்டு இரண்டையும் பயன்படுத்திக்கொண்டேன்.

கோயில் குழுவில் ஒருவர் மரகதாம்பிகையை விட உடன்படவில்லையாம். பணம் கொடுத்தவர் அவர். "என்னங்க ஐயா பண்றது?" என்று மாணவர் கைப்பேசியில் அழைத்துக் கேட்டார். அப்பெயர் எப்போது, எவரால் வந்தது என்று கேட்டு, வரலாற்றுப் பக்கத்தில் ஒருவரி எழுதுங்கள் தம்பி, தலைப்புக்கு மட்டும் ஏற்றாதீர்கள் என்றேன். அவர் கேட்டாராம், அக்குழுவினர்க்குள் எவர்க்கும் விடை தெரியவில்லையாம். அதன் பின் தலைப்பு நாங்கள் எழுதியபடியே ஏறிற்று.

இன்னும் சில பக்கங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் குடமுழுக்குப் பக்கம் ஒன்று. அழைப்பிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் குடமுழுக்கு என்னும் சொல் நன்றாக வேர்கொண்டுவிட்டது. ஆயினும் கும்பாபிசேகம் என்று தட்டுவோர் இன்னும் மிகப் பலர் என்று மாணவர் சொல்கின்றார். வரும் ஞாயிறு திண்ணைக்கு வருவார். அதற்குள் அப்பக்கத்துக்கும் ஒரு தலைப்பு எழுதி வைக்கவேண்டும்.